மோட்டார் கொட்டகையில் ஒரு போர்வை

ஜஹபர் நிஷா சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டது நாற்பத்து நான்காவது வயதில். முத்தியால்பேட்டையில் அவளுக்கு ஒரு தையல் கடை இருந்தது. கீழே கடை, மேலே வீடு. நாள் முழுக்க மெஷினில் உட்கார்ந்தே இருந்ததில் முழங்கால் பிடித்துக்கொண்டது. டாக்டர் நடக்கச் சொன்னார். கடற்கரையில் நான்கு நாள் நடந்து பார்த்தாள், சலிப்பாக இருந்தது. அவளிடம் ரவிக்கை தைத்துக்கொள்ளும் பூர்ணிமா டீச்சர்தான் ஒருநாள் அளவு கொடுத்துக்கொண்டே பேச்சை எடுத்தாள்.

"ஞாயித்துக்கிழமைல நாங்க பன்னெண்டு பொம்பளைங்க சைக்கிள் எடுத்துக்கிட்டு ஊருக்கு வெளிய போறோம்க்கா. நீங்களும் வாங்க."

"எனக்கு ஓட்டத் தெரியாதே டீச்சர்."

"எங்கள்ல அஞ்சு பேருக்குத் தெரியாமத்தான் இருந்துச்சு."

முதலியார்பேட்டையில் பூர்ணிமா வேலை பார்க்கும் பள்ளி மைதானத்தில் மூன்று வாரம் பழகினாள். இரண்டு முறை விழுந்தாள். இரண்டாவது முறை, கட்டட வேலைக்காகக் கொட்டியிருந்த மணல் குவியலுக்குள் நேராகப் போய் இறங்கினாள். முக்காட்டிலும் காதுக்குள்ளும் மணலோடு வீட்டுக்கு வந்தவளை அவள் கணவன் ஹாஜா ஏற இறங்கப் பார்த்தான். அதே தெருவில் பெயின்ட் கடை வைத்திருப்பவன் அவன்.

"எத்தனாவது மாடி ஏறியிருக்கு கட்டடம்?" என்று கேட்டான்.

நிஷாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான்காவது வாரம் அவள் மைதானத்தை விழாமல் ஆறு சுற்று சுற்றினாள். அதற்கடுத்த ஞாயிறு காலை ஐந்தரைக்கு, முக்காட்டை இறுக்கிக் கட்டி, மற்றவர்களோடு ரோட்டில் இறங்கினாள். அன்றைக்கு வில்லியனூர் வரை போய் வந்தாள். திரும்பும்போது கால் இரண்டும் தன்னுடையவை போலவே இல்லை. ஆனாலும் அந்த வாரம் முழுக்க ஞாயிற்றுக்கிழமை எப்போது வரும் என்றுதான் இருந்தது.

கடையில் அவளுக்குத் துணையாக நிர்மலா இருந்தாள். துணி வெட்டுவது, ஹூக் வைப்பது, ஓரம் அடிப்பது எல்லாம் அவள் கை. ஊசுடேரியைத் தாண்டிச் செம்மேட்டுப்பாக்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். அவள் கணவன் செல்வகுமாருக்கு ஒன்றரை காணி நிலமும் ஒரு பள்ளி வேன் ஓட்டும் வேலையும் இருந்தன. நிஷாவின் சைக்கிள் கதைகளைக் கேட்டுக் கேட்டு நிர்மலாவுக்கு ஆசை வந்துவிட்டது.

"எங்கூருக்கு ஒரு தரம் வாங்கக்கா எல்லாரும். இட்லி அவிச்சு வைக்கிறேன். வழி ரொம்ப லேசு. ஏரிக்கரை தாண்டுனா கப்பி ரோடு வரும். மூணாவது மோட்டார் கொட்டாகிட்ட சோத்துக்கை பக்கம் திரும்புனா எங்க வூடு."

ஆவணி மாதத்து ஞாயிறு ஒன்றில் பதின்மூன்று பேரும் கிளம்பினார்கள். ஏரிக்கரை வரை ஒன்றும் பிரச்சினை இல்லை. அதற்கப்புறம் இரண்டு பக்கமும் வயல். வயலுக்கு ஒன்றாக மோட்டார் கொட்டகைகள். எல்லாம் ஒரே அச்சு: நான்கு சிமென்ட் சுவர், மேலே ஷீட், முன்னால் இரும்புக் கதவு. சில கொட்டகைகள் ரோட்டோரம் நின்றன. சில, கரும்புக்குப் பின்னால் தலையை மட்டும் காட்டின. கரும்புக்குள் இருப்பதைக் கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா என்று பதின்மூன்று பேரும் ஆளுக்கொன்று சொன்னார்கள். கடைசியில் திரும்பிய வழி ஒரு செங்கல் சூளையில் போய் முடிந்தது. அங்கே இரண்டு நாய்கள் இருந்தன.

நிஷா போன் போட்டாள்.

"எந்தக் கொட்டாகிட்டக்கா நிக்கிறீங்க?" என்றாள் நிர்மலா.

"கொட்டா மாதிரி இருக்கிற ஒரு கொட்டாகிட்ட."

செல்வகுமார் பைக்கில் வந்து கூட்டிப்போக முக்கால் மணி நேரம் ஆயிற்று. இட்லி ஆறிப் போயிருந்தாலும் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

அன்று வீடு திரும்பிய நிஷா அதைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தாள். வெட்டி மிஞ்சும் துண்டுத் துணிகளை அவள் எறிவதில்லை. சதுரமும் முக்கோணமுமாக நறுக்கி, ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்துப் போர்வையாக்குவாள். எட்டு முனை நட்சத்திரம், காற்றாடி, செங்கல் அடுக்கு என்று அவளிடம் பத்துப் பன்னிரண்டு வடிவங்கள் இருந்தன. கட்டிலில் கிடந்த போர்வையைப் பார்த்தபோது, இதில் ஒரு கட்டத்தை அப்படியே பெரிதாக்கி நிர்மலா வீட்டுக் கொட்டகைச் சுவரில் எழுதிவிட்டால் குருடர் தவிர யாருக்கும் வழி தப்பாதே என்று தோன்றியது.

ஹாஜாவிடம் சொன்னாள். அவன் கடையின் பின்பக்கம் கை காட்டினான். வாடிக்கையாளர் கேட்ட நிறம் ஒன்று, மெஷின் கலந்து தந்த நிறம் வேறொன்று என்று திரும்பி வந்த டப்பாக்கள் அங்கே அடுக்கியிருந்தன. மாம்பழ மஞ்சள், கத்தரிப்பூ ஊதா, யாருக்கும் பிடிக்காத ஒரு பச்சை.

"எடுத்துக்க. வெளிச் சுவத்துக்குன்னே கலந்ததுதான், மழைக்குத் தாங்கும். ஆனா சும்மா அடிச்சிடாத. மொதல்ல சுவத்தத் தேய்க்கணும், அப்புறம் பிரைமர், அது காஞ்சப்புறம்தான் கலரு."

"தெரியாதா எனக்கு? உங்களோட இருபத்தி ரெண்டு வருசம் குடித்தனம் பண்ணியிருக்கேன்."

அடுத்த ஞாயிறு நிஷா மற்றவர்களோடு சைக்கிளில் போனாள். ஹாஜா டப்பாக்களோடு ஸ்கூட்டரில் பின்னாலேயே போனான். செல்வகுமார் ஒரே ஒரு நிபந்தனை போட்டான்: "இன்னா வேணா எழுதுங்க, சுவிட்ச் போர்ட மட்டும் மூடிடாதீங்க." சுவரில் ஆறடிக்கு ஆறடி அளந்து, தையல் சாக்கட்டியால் கோடு போட்டு, கோட்டின் மேல் டேப் ஒட்டி, டேப்புக்கு உள்ளே நிறம் தீட்டினார்கள். சைக்கிளில் வந்தவர்கள் ஆளுக்கொரு முக்கோணம் எடுத்துக்கொண்டார்கள். மதியம் டேப்பைப் பிய்த்ததும் மஞ்சளும் ஊதாவுமாக எட்டு முனை நட்சத்திரம் பளிச்சென்று நின்றது. ஏரிக்கரையிலிருந்தே தெரிந்தது.

அதற்கப்புறம் ஊரே கேட்க ஆரம்பித்தது. கனகாம்பரம் பயிரிடும் இளஞ்செழியன், "எங்கொட்டா மட்டும் மொட்டையா நிக்குது, பாக்கவே பரிதாபமா இருக்கு" என்று தானே பிரைமர் வாங்கி அடித்து வைத்துவிட்டு ஆள் அனுப்பினான். அவனுக்குக் காற்றாடி. இன்னொரு வீட்டுக்கு அம்பு. தீபாவளிக்குள் ஐந்து கொட்டகைகள் நிறம் பூசிக்கொண்டன. சைக்கிள்காரப் பெண்களின் எண்ணிக்கையும் பதின்மூன்றிலிருந்து இருபதாயிற்று.

ஆறாவதாகக் கேட்டவள் செல்வாம்பாள். ஐம்பத்தெட்டு வயது. கப்பி ரோட்டின் கடைசியில் அவளுக்கும் அவள் கணவர் அரிகிருஷ்ணனுக்கும் இரண்டு காணி நெல்லும் நான்கு கறவை மாடுகளும் இருந்தன. ஐந்து கொட்டகைகளையும் நடந்தே போய்ப் பார்த்துவிட்டு வந்து, நிஷாவைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு செங்கல் அடுக்குன மாதிரி ஒண்ணு இருக்குன்னு நிர்மலா சொன்னா. அதத்தான் எழுதணும். நடுவுல ஒரு செகப்புக் கட்டம் வை. சுத்தி வெள்ளை. அப்புறம் மத்த கலரெல்லாம். இருக்கறதுலேயே எங்களுதுதான் பெருசா இருக்கணும்."

"எழுதிடலாம்க்கா. அண்ணன்கிட்ட கேட்டுட்டீங்களா?"

"அவரு தங்கச்சி வூட்டுக் கல்யாணத்துக்குக் கும்மோணம் போயிருக்காரு. வர புதன்கிழம ஆவும். வந்து பாத்தா அசந்து போயிடுவாரு."

நிஷா அதற்கு மேல் கேட்கவில்லை. எட்டடிக்கு எட்டடியாக அந்தச் சுவர் முழுவதையும் நிரப்பினார்கள். நடுவில் குங்குமச் சிவப்பில் ஒரு சதுரம்; அதைச் சுற்றி வெள்ளைப் பட்டை; அதற்கும் வெளியே பச்சையும் மஞ்சளும் படிப்படியாக. முடிந்ததும் செல்வாம்பாள் வரப்பில் பின்னாலேயே நடந்து நடந்து, தூரத்திலிருந்து பார்த்து, திரும்பி வந்து நிஷாவின் பெயின்ட் படிந்த கையைப் பிடித்துக்கொண்டாள். 

அடுத்த ஞாயிறு அவர்கள் போனபோது அந்தச் சுவர் வெள்ளையாக இருந்தது. சுண்ணாம்பை அள்ளி அள்ளி அப்பியிருந்தார்கள். கீழே புல்லெல்லாம் வெள்ளைச் சொட்டு. வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. இருபது பெண்களும் சைக்கிளை நிறுத்திவிட்டு அந்த வெள்ளையையே பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருவராகத் திரும்பினார்கள்.

புதன்கிழமையிலிருந்து காய்ச்சலில் கடைக்கு வராமலிருந்த நிர்மலா, திங்கட்கிழமை வந்ததும் நடந்ததைச் சொன்னாள்.

"புதன்கிழம பஸ்ஸ வுட்டு எறங்கியிருக்காரு அரிகிருஷ்ணன் மாமா. எறங்கின எடத்துலேயே அவங்க கொட்டா தெரியும். பைய அங்கயே போட்டுட்டு ஓடியாந்தாராம். யாரு கோடு போட்டது, யாரு அளந்ததுன்னு ஒரே சத்தம். அத்தை சொல்றத காதுலயே வாங்கல. ஒரு வாளி சுண்ணாம்ப கரைச்சு அவரே அடிச்சிட்டாரு."

"கோடு போட்டதா? எதுக்கு?"

"புதுசா ஒரு பைபாஸ் ரோடு வரப்போவுதாம். அதுக்கு எடுக்கற நெலத்துக்கெல்லாம் கவர்மென்ட்டே இப்டி கலர் அடையாளம் போடுதாம். சைக்கிள்ல வர்ற பொம்பளைங்க அளக்க வந்தவங்களாம்." நிர்மலா தலையில் அடித்துக்கொண்டாள். "ஊர்ல நாலு பேரு கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசுக்கே போயி கேட்டிருக்காங்க. அங்க இருந்தவரு, எங்களுக்கு எதுவும் தெரியாதுன்னுட்டாரு. அவ்ளோதான். தெரியாதுன்னு சொல்றாங்கன்னா கண்டிப்பா வருதுன்னு முடிவு பண்ணிட்டாங்க."

"நீ எடுத்துச் சொல்லலையா?"

"சொன்னேன். நீ டவுன்ல வேல பாக்கற, உனக்குச் சொல்லிக் குடுத்துருப்பாங்கன்றாங்க. இளஞ்செழியன் அண்ணன்கூட நேத்து சுண்ணாம்பு மூட்டைய வெறிச்சுப் பாத்துக்கினு நின்னாருக்கா."

நிஷாவுக்கு அன்று முழுக்க வேலை ஓடவில்லை. ஒரு ரவிக்கையின் கையை மாற்றித் தைத்துப் பிரித்தாள். மதியம் சாப்பிடும்போது ஹாஜா, "விடு. ஒரு சுவரு போனா போவுது. அஞ்சு இருக்குல்ல" என்றான்.

"சுவரு போனதுக்கு இல்லீங்க. அந்தக்கா அவ்ளோ ஆசையா கேட்டாங்க. இப்ப ஊரே அவங்க வூட்டுச் சண்டைய பேசுது. நான்தான் அவருகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு எழுதியிருக்கணும். நான் போயி பாத்துட்டு வரேன்."

"வெள்ளிக்கிழம தொழுகை முடிஞ்சதும் ஸ்கூட்டர்ல கொண்டுபோயி விடறேன்."

நிஷா கொஞ்சம் யோசித்தாள். "வேணாம். நான் சைக்கிள்லயே போறேன். காலைலயே போயிட்டு வந்துடறேன்."

அதுவரை அவள் தனியாக அவ்வளவு தூரம் போனதில்லை. எப்போதும் முன்னால் பூர்ணிமாவின் முதுகு இருக்கும். பின்னால் யாராவது சிரித்துக்கொண்டு வருவார்கள். வெள்ளிக்கிழமை காலை வழுதாவூர் ரோட்டில் லாரிகள் உரசிக்கொண்டு போனபோது கைப்பிடியை இரண்டு கையாலும் நெரித்தாள். ஊசுடேரிக்கு வருவதற்குள் செயின் கழன்றது. நிறுத்தி, கவிழ்த்து, பூர்ணிமா செய்வதை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்து, பல்லில் ஒவ்வொன்றாக மாட்டினாள். மூன்றாம் முறை மாட்டிக்கொண்டது. கையெல்லாம் கறுப்பு மசகு. ஏரியில் நாரைகள் நின்றன. வேறு யாரும் இல்லை. தனக்குத்தானே "பரவால்லியே" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டாள்.

அரிகிருஷ்ணன் கொட்டகை வாசலில் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். அறுபது தாண்டிய, ஒடிசலான, நெடிய மனிதர். நிஷா சைக்கிளை நிறுத்தினாள்.

"அண்ணே, என் பேரு நிஷா. உங்க சுவத்துல எழுதினது நான்தான்."

அவர் அவளைப் பார்த்தார். அவள் கையையும் பார்த்தார்.

"கையி இன்னாம்மா?"

"செயின் கழண்டுடுச்சு."

"டவுன்லேந்து ஒண்டியாவா வந்த?"

"ஆமாண்ணே."

போர் குழாயைத் திறந்துவிட்டு, கொஞ்சம் சவுக்காரமும் எடுத்துத் தந்தார்.  மசகு சீக்கிரம் போகவில்லை. அவரே ஒரு பிடி மணலை அள்ளி அவள் உள்ளங்கையில் போட்டு, "இதப் போட்டுத் தேயி" என்றார்.

"உங்ககிட்ட கேக்காம எழுதினது தப்புண்ணே. அதச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

அரிகிருஷ்ணன் கொட்டகைப் படியில் உட்கார்ந்தார்.

"எனக்கு அங்க, பெரிய ரோட்டோரமா, ஒரு தென்னந்தோப்பு இருந்துச்சு. நாப்பத்தியேழு மரம். அத்தனையும் நான் வெச்சது. பதினோரு வருசம் முன்ன ஒருநா காலைல தண்ணி பாய்ச்சப் போனேன். மரத்துக்கு மரம் வெள்ளையா ஒரு பட்டை அடிச்சு, அதுக்கு நடுவுல செகப்புல நம்பரு போட்டுருந்துச்சு. ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு நாப்பத்தியேழு வரைக்கும். யாரு வந்தா, எப்ப வந்தா, ஒண்ணும் தெரியாது. ரோட்ட அகலம் பண்றாங்கன்னு அப்புறமா சொன்னாங்க. மரத்த வெட்டறதுக்கு இன்னும் ரெண்டு வருசம் ஆச்சு. அந்த ரெண்டு வருசமும் அந்த நம்பரப் பாத்துக்கினேதான் தண்ணி பாய்ச்சினேன்."

அவர் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

"அன்னிக்கி பஸ்ஸ வுட்டு எறங்கிப் பாக்கறேன். எங்கொட்டால வெள்ளை பட்டை, நடுவுல செகப்பு. வேற கலரு எதுவும் என் கண்ணுக்குத் தெரியல."

 அந்தச் சிவப்பை நிஷாதான் மூன்று முறை பூசியிருந்தாள், பளிச்சென்று இருக்கட்டும் என்று.

"எனக்குத் தெரியாதுண்ணே."

"உனக்கு எப்டித் தெரியும்?"

"மொதல்லயே உங்களைக் கேட்டிருந்தா..."

"கேட்டிருந்தா வேணாம்னுதான் சொல்லியிருப்பேன்."

"சரிண்ணே. வேணாம்னா வேணாம். இது உங்க சுவரு."

அவள் அதோடு கிளம்பியிருப்பாள். வீட்டுப் பக்கமிருந்து செல்வாம்பாள் வந்தாள். தலையில் புல்லுக்கட்டு. அதை மாட்டின் முன்னால் தொப்பென்று போட்டுவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"அவரு சொல்லிட்டாரு, நீயும் சரின்னுட்ட. ஆசப்பட்டுக் கேட்டவ நானு. என்னை யாரு கேக்கறீங்க?"

அவள் மோட்டார் கொட்டகையின் பக்கம் கையை நீட்டினாள்.

"மோட்டார் கொட்டா அவருது. அவரு பேருலதான் கரண்டு பில்லு வருது. வெச்சிக்கட்டும். மாட்டுக் கொட்டா என்னுது. பால் சொசைட்டில என் பேருலதான் மாடு இருக்கு. நாலுக்கும் நான்தான் சாணி அள்றேன். அதுல எழுது, நிஷா."

"மாட்டுக் கொட்டாக்குச் சுவரே இல்லையேடி. கீத்துத் தட்டிதான இருக்கு" என்றார் அரிகிருஷ்ணன்.

செல்வாம்பாள் அதை யோசிக்கவில்லை என்று தெரிந்தது. அவள் முகம் வாடிவிட்டது.

"பலகைல எழுதலாம்க்கா" என்றாள் நிஷா. "தண்ணிக்குத் தாங்கற பிளைவுட் வருது. கடையில வெச்சே எழுதி எடுத்துக்கிட்டு வந்து, முன்பக்கக் கம்பத்துல மாட்டிடலாம்."

அரிகிருஷ்ணன் நிமிர்ந்தார். "ஆணி அடிச்சா?"

"இல்லண்ணே, போல்ட்டு. நாலு போல்ட்டு."

"வேணாம்னா கழட்டலாமா?"

"ஸ்பேனர் இருந்தா அஞ்சு நிமிசத்துல கழட்டலாம்."

"நானே கழட்டலாமா?"

"நீங்களேதான்."

அவர் மாட்டுக் கொட்டகையின் முன்கம்பங்களை அளப்பது போலப் பார்த்தார். 

"அப்டின்னா மாட்டிக்கங்க," என்றார். "ஸ்பேனர் மட்டும் என்கிட்ட இருக்கட்டும்."

"நடுவுல என்ன கலரு வைக்கட்டும்?" நிஷா இருவரையும் பார்த்துத்தான் கேட்டாள்.

செல்வாம்பாள் கணவரைப் பார்த்தாள். பதினோரு வருசமாகத் தெரிந்த விஷயத்தை இந்த ஒரு தடவை மறந்துபோனதற்கு அவள் மனதுக்குள் வருந்தியிருக்க வேண்டும். "செகப்பு வேணாம்," என்றாள். "மஞ்ச வை. நல்லா பூசணிப்பூ மஞ்சளா."

அரிகிருஷ்ணன் எழுந்து போய், நிஷாவின் சைக்கிளைக் கவிழ்த்து, செயினை இழுத்துப் பார்த்தார். பின்சக்கரத்தின் நட்டை முடுக்கினார். "செயின் தொளதொளன்னு இருக்குது. அதான் கழண்டுருக்கு. இனிமே கழலாது" என்றார்.

பலகையை எழுத இரண்டு வாரம் ஆயிற்று. தையல் கடையின் நடுவில் இரண்டு ஸ்டூல் போட்டு அதை வைத்திருந்தார்கள். ரவிக்கை வாங்க வந்தவர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள். கார்த்திகை மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை, செல்வகுமார் பள்ளி வேனில் பலகையை ஏற்றிக்கொண்டு முன்னால் போக, சைக்கிள்கள் பின்னால் போயின. மழையில் சுண்ணாம்பு கரைந்து, மோட்டார் கொட்டகைச் சுவரில் பச்சையும் மஞ்சளும் அங்கங்கே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன.

போல்ட்டுக்குத் துளை போட்டவர் அரிகிருஷ்ணன். யாரையும் தொடவிடவில்லை. ஒரு கண்ணாடிக் குப்பியில் பாதி தண்ணீர் விட்டு, பலகையின் மேல் படுக்க வைத்து, மட்டம் சரியா என்று மூன்று முறை பார்த்தார். ஊர்க்காரர்கள் பத்துப் பதினைந்து பேர் கூடிவிட்டார்கள். அவர்களில் ஒருவர், "மாமா, அப்ப பைபாஸ் வரலியா?" என்று கேட்டார்.

அரிகிருஷ்ணன் ஸ்பேனரைத் தோளில் வைத்துக்கொண்டு திரும்பினார்.

"பைபாஸ் வருதா வரலியான்னு எனக்குத் தெரியாது. வந்தா கொம்யூன் ஆபீசாண்ட போயி எல்லாரும் உக்காருவோம். ஆனா இது அது இல்ல. இந்தம்மா போர்வை தைக்கிறவங்க. இது போர்வை. அவ்ளோதான்."

அவ்வளவுதான் ஊருக்குத் தேவைப்பட்டது. அவரே சுண்ணாம்பு அடித்தவர் ஆகையால் அவர் சொன்னதை யாரும் சந்தேகப்படவில்லை. இளஞ்செழியன் அவசரமாக, "நான் அன்னிக்கே சொன்னேன்" என்றான். அவன் சொல்லவில்லை என்பது நிர்மலாவுக்குத் தெரியும். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

அன்று அரிகிருஷ்ணன் ஹாஜாவைத் தனியாக அழைத்துப் போய், மோட்டார் கொட்டகைச் சுவரைக் காட்டினார்.

"இந்த சுண்ணாம்பு மழைக்கு நிக்க மாட்டேன்னுது, பாய். உங்ககிட்ட நல்ல வெள்ளை பெயின்ட்டு இருக்கா?"

"எழுதினது கொஞ்சம் கொஞ்சமா தெரியறதும் நல்லாத்தான் இருக்கு" என்று ஹாஜா சொல்லிப் பார்த்தான்.

"எனக்கு வெள்ளைதான் வேணும்."

அடுத்த வாரமே ஹாஜா பத்து லிட்டர் வெள்ளை கொண்டுபோய்க் கொடுத்தான். இருவருமாகச் சேர்ந்து இரண்டு கோட்டு அடித்தார்கள். அடிக்கும்போது அரிகிருஷ்ணன், வயலில் எந்தப் பூச்சிக்கு எந்த மருந்து என்று சொல்லிக்கொண்டே இருந்தார்; ஹாஜா, மட்டமான பிரைமரைக் கண்டுபிடிப்பது எப்படி என்று சொல்லிக்கொண்டே இருந்தான். ஒருவர் சொன்னது மற்றவருக்கு எதற்கும் பயன்படாது. ஆனால் இருவருக்கும் அந்தப் பகல் சீக்கிரம் போய்விட்டது.

இப்போது செம்மேட்டுப்பாக்கத்துக்கு யார் வழி கேட்டாலும் ஊர்க்காரர்கள் வடிவத்தைத்தான் சொல்கிறார்கள். காற்றாடி தாண்டி நேராகப் போ, நட்சத்திரம் வரும், வெள்ளைக் கொட்டகையைப் பார்த்ததும் திரும்பு. உர மூட்டை கொண்டுவரும் வண்டிக்காரரும், கேபிள்காரரும் அப்படித்தான் வருகிறார்கள். வெள்ளைக் கொட்டகையை எழுதாமல் விட்டது என்று யாரும் நினைப்பதில்லை. அதுவும் ஓர் அடையாளம்தான்.

மார்கழியில் செல்வாம்பாள் நிஷாவை ஓரமாக அழைத்துப் போய், சைக்கிள் சீட்டு எவ்வளவு உயரம் இருக்கும் என்று கேட்டாள். புடவையில் ஓட்ட முடியுமா என்றும் கேட்டாள். பால் சொசைட்டிக்குக் காலையும் மாலையும் இரண்டு கேனோடு நடந்து போகிறாளாம்.

"ஓட்டலாம்க்கா. பின்னாடி சக்கரத்துக்கு வலை போட்ட லேடீஸ் சைக்கிள் இருக்கு. எங்க கூட்டத்துல ரெண்டு பேரு பொடவைலதான் வராங்க."

"கேன் மாட்டலாமா?"

"ரெண்டு பக்கமும் மாட்டலாம்."

"அப்ப பொங்கலுக்குள்ள கத்துக்கறேன். அவருகிட்ட சொல்லிடாத." சொல்லிவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டாள். "இல்ல, இந்தத் தடவை சொல்லிடறேன்."

பொங்கல் கழிந்த ஞாயிறு அவர்கள் முப்பத்தோரு பேர். அதில் ஆறு பேர் செம்மேட்டுப்பாக்கத்துக்காரர்கள். ஊர் எல்லையில் வந்து சேர்ந்துகொண்டார்கள். செல்வாம்பாள் கேன் இல்லாமல், முழு வேகத்தில், மணியை விடாமல் அடித்துக்கொண்டு எல்லோரையும் முந்திப் போனாள். அரிகிருஷ்ணன் வரப்பில் நின்று, "பிரேக்கு! பிரேக்கப் புடி!" என்று கத்தினார். அவள் பிடிக்கவில்லை.

திரும்பி வரும்போது எதிர்க்காற்று. நிஷாவின் பக்கத்தில் பூர்ணிமா வந்து சேர்ந்தாள்.

"அடுத்த வாரம் காலாப்பட்டு பக்கம் போலாமாக்கா? கடலோரமா?"

"போலாம் டீச்சர்."

"தூரம் கொஞ்சம் ஜாஸ்தி."

"பரவால்ல. முட்டி இப்ப வலிக்கல."

பசி எடுத்தது. வீட்டில் ஹாஜா ஆட்டுக்கால் பாயா வைக்கிறேன் என்று சொல்லியிருந்தான். அது சாதாரணமாக அவன் சொல்லும் வாக்கு. பாதி நாள் ஓட்டலில் பரோட்டா வாங்கி வந்துவிடுவான். எதுவாக இருந்தாலும் சரி என்று நினைத்துக்கொண்டு நிஷா கொஞ்சம் வேகமாக மிதித்தாள்.